சொறி என்னும் ஒரே சொல்



இப்பக்கத்தில் வழக்கமாக இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, வாசிப்புப் பழக்கம் ஆகியவற்றைப் பற்றியே எழுதி வருகிறேன். இம்முறை நாய்களுக்கு வரும் தோல் நோய்களைப் பற்றி எழுதப் போகிறேன். தமிழாசிரியைக்கு ஏன் இந்த வேலை என்று சிலர் எண்ணக்கூடும். முழுவதும் படித்த பின் இதுவும் வகுப்பறைச் செய்திதான் என்பதை ஒப்புக்கொள்வீர்கள் என நம்புகிறேன்.

முதலில் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். 'சொறிநாய்' என்பது நம்மவர் வாயில் மிக எளிதாக வந்துவிடும் வசை. மலாய் மொழியிலும் 'அஞ்சிங் குராப்' என்று இதற்கு இணையான வசை உண்டு. 'குராப்' என்னும் மலாய்ச் சொல் குறிப்பது படர்தாமரையை. அது காளானால் வருவது. நாம் 'சொறி' என்று சொல்வதோ பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத உண்ணியால் வருவது. நாயைத் திட்டுவதில் இரு மொழியினரும் ஒன்றுபட்டுவிட்டோம். அதற்கு என்ன நோய் என்று கேட்பதற்கு இருவருக்குமே நேரமில்லை.

கிளி வேறு, கிழி வேறு, கிலி வேறு என்று மாணவர்களுக்கு நாள்தோறும் சொல்லிக் கொடுக்கிறோம். ஓர் எழுத்து மாறினால் பொருளே மாறிவிடும் என்று எச்சரிக்கிறோம். ஆனால் ஐந்தாறு வெவ்வேறு நோய்களை 'சொறி' என்னும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். அச்சாக்கு ஒரு குழந்தையின் தலையில் வந்து விழுந்ததைச் சென்ற ஆண்டு நான் நேரில் கண்டேன். அதனால்தான் இந்தப் பதிவு.

சென்ற ஆண்டு ஒரே பருவத்தில் இரண்டு நாய்களின் தோலைப் பற்றி நான் கற்க நேர்ந்தது.

முதல் நாய் எங்கள் வீட்டுக் குட்டி. அப்போது அதற்கு நான்கு மாதம். கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முடி உதிர்ந்து, ஐம்பது காசு அளவில் தோல் வட்டமாகத் தெரிந்தது. ஆனால் அது சொறிந்துகொள்ளவே இல்லை. நன்றாக உண்டது, ஓடியது, என் பள்ளிக் காலணியைக் கடித்தது. பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு அப்பால் நின்றபடி, "டீச்சர், சொறி புடிச்சிருச்சு போலிருக்கே. பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கும். எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடுங்க," என்றார். அக்கறையோடு சொன்ன சொற்கள்தாம் அவை.

கால்நடை மருத்துவர் குட்டியின் தோலை இரு விரல்களால் நன்றாகப் பிழிந்து, மழுங்கிய கத்தி முனையால் மெல்லச் சுரண்டி, அதை எண்ணெய்த் துளியில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். சுருட்டைப் போல நீண்ட உடலும், முன்பக்கத்தில் குட்டைக் குட்டையான எட்டுக் கால்களும் கொண்ட உயிர்கள் அங்கே அசைந்தன. டெமோடெக்ஸ் என்பது அதன் பெயர். முடி முளைக்கும் குழிகளுக்குள் வாழும் நுண்ணிய உண்ணி வகை. ஆங்கிலத்தில் இத்தகையவற்றை 'மைட்' என்பர்.

இவ்வுண்ணி எங்கிருந்தோ தெருவில் ஒட்டிக்கொண்டு வருவதன்று. குட்டி பிறந்த முதல் சில நாள்களில், பால் குடிக்கும்போது தாயின் தோலிலிருந்து வந்துவிடுகிறது. நலமாக உள்ள நாய்களின் தோலிலும் சிறிதளவு இருக்கவே செய்கிறது. குட்டியின் நோய் எதிர்ப்பாற்றல் முதிர்ச்சியடையாத பருவத்தில் அதன் எண்ணிக்கை பெருகினால் முடி உதிர்கிறது. இரண்டு மூன்று இடங்களில் மட்டும் வந்தால் பெரும்பாலும் இரண்டு மாதத்திற்குள் தானாகவே சரியாகிவிடும். உடல் முழுவதும் பரவினால்தான் நீண்ட மருத்துவம் தேவை. வளர்ந்த நாய்க்குத் திடீரென்று இது வந்தால், உடலுக்குள் வேறு ஏதேனும் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைத்திருக்கிறதா என்று தேட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது மனிதருக்குத் தொற்றாது. மருத்துவர் மருந்து எதுவும் தரவில்லை. நல்ல உணவு, குடற்புழு நீக்கம், நான்கு வாரம் கழித்து மறுபரிசோதனை, அவ்வளவுதான். ஏழாவது வாரத்தில் முடி முளைத்துவிட்டது.

பக்கத்து வீட்டு அம்மாளின் சொல்லைக் கேட்டிருந்தால் ஒரு குட்டி தெருவில் இறந்திருக்கும். அதுவும் யாருக்கும் ஒட்டாத ஒரு நோய்க்காக.

இரண்டாவது நாயின் கதை இத்தனை எளிதன்று.

என் நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன். பெயர் வேண்டாம். செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளுள் ஒன்றில் பாட்டியுடன் வாழ்பவன். அவர்களிடம் கறுப்பி என்றொரு பெண் நாய் இருந்தது. அவன் எழுதும் எந்தக் கட்டுரையிலும் கறுப்பி எப்படியாவது நுழைந்துவிடும். 'நான் ஒரு பேனா' என்று தலைப்புக் கொடுத்தாலும், அந்தப் பேனாவைக் கறுப்பி கவ்விக்கொண்டு ஓடும்.

இரண்டாம் பருவத்தின் தொடக்கத்தில் அவன் வகுப்பில் சொறியத் தொடங்கினான். முன்கைகளிலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளங்கள். ஒரு நாள் ஓய்வு நேரத்தில், சிற்றுண்டிச்சாலையில் யாரோ அவனைச் 'சொறிநாய்' என்று அழைத்தார்கள். பள்ளி முடிவதற்குள் அது அவனுக்குப் பெயராகிவிட்டது. மறுநாள் காலையில் பெற்றோர் புலனக் குழுவில் செய்திகள் வரத் தொடங்கின. தம் மகளை வகுப்பு மாற்ற வேண்டும் என்றார் ஒரு தந்தை. அப்பையனைத் தனியே உட்கார வைக்க வேண்டும் என்றார் ஒரு தாய். நகராண்மைக் கழகத்திற்குத் தொலைபேசி செய்து அந்த நாயைப் பிடித்துப் போகச் சொல்ல வேண்டும் என்றார் இன்னொருவர். கட்டை விரலை உயர்த்திக் காட்டும் படங்கள் வரிசையாக வந்தன.

பெற்றோர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. தம் பிள்ளைக்குத் தொற்று வந்துவிடுமோ என்று அஞ்சாத பெற்றோர் உண்டா? ஆனால் அச்சத்திற்கு முன்னால் ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும். அவனுக்கு வந்திருப்பது என்ன? அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. மருத்துவரின் கடிதம் வரும்வரை எவரும் எவரையும் இடம் மாற்ற வேண்டாம் என்று தலைமையாசிரியர் உறுதியாகக் கூறினார். அன்றிலிருந்து பையன் பள்ளிக்கு வரவில்லை.

இரண்டாம் நாள் மாலையில் சக ஆசிரியை ஒருவருடன் அவன் வீட்டிற்குச் சென்றேன். பாட்டி முற்றத்தில் நாற்காலி போட்டு எங்களை உட்கார வைத்தார். கறுப்பி தூணோரம் கட்டப்பட்டிருந்தது. காதுகளின் விளிம்பில் முடியே இல்லை. தோல் தடித்துப் பொருக்குத் தட்டியிருந்தது. முழங்கைகளும் வயிறும் அப்படியே. நாங்கள் அமர்ந்திருந்த நேரம் முழுவதும் அது சொறிவதை நிறுத்தவே இல்லை. சொறிந்து சொறிந்து களைத்துப் படுக்கும். உடனே எழுந்து மீண்டும் சொறியும்.

"எல்லாரும் இதைக் கொண்டுபோய் விட்டுடச் சொல்றாங்க டீச்சர். கறுப்பு எண்ணெய் தடவுனா சரியாப் போயிடும்னு லோரி ஓட்டுற தம்பி ஒரு போத்தல் கொடுத்திருக்கு. இவன் தடவ விடமாட்டேங்கிறான். இவங்கம்மா போனதுக்கப்புறம் ராத்திரியில இவனுக்குத் துணையே இதுதான். அது பக்கத்துல படுத்தாத்தான் தூங்குவான்," என்றார் பாட்டி.

பையன் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை.

மறுநாள் காலை பாட்டியையும் பேரனையும் அரசாங்க மருந்தகத்திற்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் இளம்பெண். அவர் முதலில் பார்த்தது பையனின் வயிற்றையன்று. விரல் இடுக்குகளையும் மணிக்கட்டையும்தான். அங்கே ஒன்றுமில்லை. பிறகு, "வீட்டில் நாய், பூனை உண்டா? அதனோடு படுக்கிறாயா?" என்று கேட்டார். பாட்டியின் முன்கையையும் பார்த்தார். அங்கும் நான்கைந்து கொப்புளங்கள்.

அன்று நான் கற்றதை இங்கே பதிவு செய்கிறேன். சொறியை உண்டாக்கும் உண்ணிக்குச் சார்கோப்டஸ் என்று பெயர். மனிதருக்கு வருவதும் நாய்க்கு வருவதும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஆனால் வகை வேறு. மனித வகை மனிதத் தோலில் வளை தோண்டி, முட்டையிட்டு, குடும்பம் குடும்பமாகப் பெருகும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களை அது விரும்பும். இரவில் அரிப்பு மிகும். ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும். விடுதிகளில் ஒருவருக்கு வந்தால் பலருக்கும் வருவது இதுதான். மலாயில் இதனைக் 'கூடிஸ் பூத்தா' என்பர். இதற்கு வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நேரத்தில் மருந்து பூசிக்கொள்ள வேண்டும்.

நாயின் வகை அவ்வாறன்று. நாயை அணைத்துத் தூங்குபவரின் கையிலும் வயிற்றிலும் அது ஏறும், கடிக்கும், அரிப்பும் கொப்புளமும் உண்டாகும். ஆனால் மனிதத் தோலில் அதனால் தன் வாழ்க்கைச் சுழற்சியை முடிக்க முடியாது. நாய் குணமடைந்தால் மனிதரின் அரிப்பும் சில வாரங்களில் தானாக அடங்கிவிடும். நாயைக் குணப்படுத்தாவிட்டால் திரும்பத் திரும்ப வரும்.

"இவனால் வகுப்பில் யாருக்கும் பரவாது. ஆனால் நாய்க்கு மருத்துவம் பார்த்தே ஆக வேண்டும்," என்று கூறி, அரிப்பைத் தணிக்கும் மருந்தும் பள்ளிக்கு ஒரு கடிதமும் கொடுத்தார் மருத்துவர்.

அடுத்த சனிக்கிழமை கறுப்பியைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். சக ஆசிரியையின் கணவர் தம் வேனைக் கொடுத்து உதவினார். மருத்துவர் கறுப்பியின் காது மடலை மடித்து விளிம்போடு விளிம்பு தேய்த்தார். உடனே அதன் பின்னங்கால் தானாகச் சொறிவதுபோல் ஆடியது. சொறியுண்ணி உள்ள நாய்களுள் பெரும்பாலானவை இவ்வாறு செய்யுமாம். பிறகு ஐந்து இடங்களில் தோலைச் சுரண்டிப் பார்த்தார். நுண்ணோக்கியில் ஒன்றும் அகப்படவில்லை.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவருக்கு இல்லை. "இவ்வுண்ணி சில சமயம் உடலில் மிகக் குறைவாகவே இருக்கும், தோலுக்குள் வளை தோண்டி ஒளிந்திருக்கும். கிடைக்கவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. அறிகுறிகள் பொருந்துகின்றன, வீட்டில் இருவருக்கு அரிப்பு இருக்கிறது. மருந்து கொடுத்துப் பார்ப்பதே முறை," என்றார். நாய் வகைப் பெண் உண்ணி அரை மில்லிமீட்டருக்கும் சிறியது. முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். ஆகவே ஒரு நாள் மருந்தோடு முடிந்துவிடாது. கறுப்பிக்கு வாய்வழி மாத்திரை ஒன்று, சொறிந்து புண்ணான இடங்களில் தொற்றிய நுண்ணுயிருக்கு நோய்க்கொல்லி மருந்து, மருந்து கலந்த குளியல் நீர்மம் ஆகியவை தரப்பட்டன. எல்லாம் சேர்ந்து 150 ரிங்கிட்டுக்குச் சற்று மேல் ஆயிற்று. ஆசிரியர்கள் மூவர் பகிர்ந்துகொண்டோம். படுக்கும் சாக்கை எறிந்துவிட வேண்டும், துணிகளைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும், அதனோடு பழகும் மற்ற நாய்களுக்கும் மருந்து தர வேண்டும், குணமாகும் வரை பையன் அதனோடு படுக்கக் கூடாது என்பன கட்டளைகள். கடைசிக் கட்டளையைக் கேட்டதும் பையன் முகம் வாடியது. எத்தனை நாள் என்று கேட்டான். "ஒரு மாதம்," என்றார் மருத்துவர். அவன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்.

இரண்டு வாரத்தில் கறுப்பியின் அரிப்பு அடங்கியது. பையனின் கொப்புளங்கள் மூன்றாம் வாரத்தில் மறைந்தன. இரண்டு மாதத்தில் கறுப்பியின் காதுகளில் மீண்டும் கறுப்பு முடி வந்தது.

ஆனால் அவன் பெயர் மாறவில்லை. உண்ணி சில வாரங்களில் செத்துவிட்டது. 'சொறிநாய்' என்னும் பெயர் சாக ஒரு பருவம் முழுவதும் ஆயிற்று. மருத்துவரின் கடிதத்தைத் தலைமையாசிரியர் பெற்றோரிடம் விளக்கினார். புலனக் குழு அமைதியானது. எனினும் சிற்றுண்டிச்சாலையில் அவன் அமர்ந்த நீண்ட இருக்கையின் மறுமுனை பல நாள்கள் காலியாகவே இருந்தது.

ஆகவே அதை ஒரு பாடமாக்கினேன். அறிவியல் ஆசிரியருடன் கலந்து பேசி, அவனைப் பற்றியோ கறுப்பியைப் பற்றியோ ஒரு சொல்லும் சொல்லாமல், 'எட்டுக் கால் உயிர்கள்' என்ற தலைப்பில் இரண்டு பாடவேளைகள் நடத்தினோம். சிலந்தி, தேள், உண்ணி, நுண்ணுண்ணி ஆகிய அனைத்தும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை, பூச்சிகள் அல்ல. பூச்சிக்கு ஆறு கால், இவற்றுக்கு எட்டு. ஆனால் உண்ணியின் இளம்பருவத்திற்கு ஆறே கால்தான், வளரும்போது எட்டாகும். இதைக் கேட்டு மாணவர்கள் வியந்தனர்.

1970களில் ஜப்பானில் சத்தோஷி ஒமுரா என்னும் அறிஞர் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஐவர்மெக்டின் என்னும் மருந்து பிறந்தது. அதற்காக அவரும் வில்லியம் கேம்பல் என்பவரும் 2015இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர் என்பதையும் சொன்னேன். ஒரு பிடி மண்ணில் இத்தனை பெரிய மருந்து இருந்தது என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை.

வரைந்து முடித்த பின் ஒரு சிறுமி கை தூக்கினாள். "டீச்சர், நமக்கு அரிச்சா அம்மாகிட்ட சொல்லுவோம். நாய்க்கு அரிச்சா அது யார்கிட்ட சொல்லும்?"

வகுப்பு அமைதியாக இருந்தது. நானும் உடனே விடை கூறவில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து அவன் பேசினான். "காதைத் தரையில தேய்க்கும். நாமதான் பார்க்கணும்." அந்தப் பருவத்தில் அவனாகவே வகுப்பில் பேசியது அதுவே முதல் முறை.

சில நாள்கள் கழித்து, மகளை வகுப்பு மாற்றக் கேட்ட அதே தந்தை பள்ளி வாயிலில் என்னை நிறுத்தினார். தம் வீட்டு நாய் ஓயாமல் தலையை உதறுகிறது, காதுக்குள் காப்பித்தூள் போல் அழுக்கு இருக்கிறது, அதுவும் சொறியா என்று கேட்டார். மன்னிப்பு என்னும் சொல் அவர் பேச்சில் இல்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை. கேட்டாரே, அதுவே போதும். அவருக்குச் சொன்னதையும், பின்னர்ப் பலருக்குச் சொன்னதையும் இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

காதுக்குள் காப்பித்தூள் போன்ற கறுத்த அழுக்கு இருந்தால் அது காதுண்ணியாக இருக்கலாம். ஈஸ்ட் காளான் அல்லது நுண்ணுயிர்த் தொற்றாகவும் இருக்கலாம். பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டுக் கிளறாதீர்கள். தலையை விடாமல் உதறினால் காது மடலில் இரத்தம் கட்டிக்கொள்ளும். மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

முதுகின் பின்பகுதியிலும் வால் தொடங்கும் இடத்திலும் நாய் கடித்துக்கொண்டே இருந்தால் தெள்ளுப்பூச்சியை ஐயுறலாம். சீப்பால் வாரி, உதிரும் கறுப்புத் துகள்களை ஈரமான வெள்ளைத் தாளில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு. நாயின் இரத்தம்தான் அந்த நிறம். சில நாய்களுக்குத் தெள்ளின் உமிழ்நீர் ஒவ்வாது. நான்கைந்து கடியே பெரும் அரிப்பைத் தரும். முட்டைகளும் புழுக்களும் நாயின் மேல் இல்லை. தரையிலும் பாயிலும் நாற்காலி இடுக்கிலும் உள்ளன. ஆகவே நாய்க்கு மருந்து கொடுத்துவிட்டு வீட்டைக் கூட்டாமல் விட்டால் பயனில்லை.

கண்ணால் காணக்கூடிய உண்ணி நம் நாட்டு வெப்பத்தில் ஆண்டு முழுவதும் உண்டு. இரத்தம் குடித்து உப்பிய ஒரு பெண் உண்ணி சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். தோலரிப்பைவிட, அது பரப்பும் காய்ச்சல்களே கொடியவை. எர்லிக்கியா, பாபீசியா ஆகிய இரண்டும் நாயின் குருதியைத் தாக்குபவை. நாய் சோர்ந்து, உணவை மறுத்து, ஈறு வெளுத்திருந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். உண்ணியைக் கையால் நசுக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள்.

வட்டமாக முடி உதிர்ந்து, ஓரத்தில் செதில் இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். இது காளான், பூனைக்கும் நாய்க்கும் வரும், பிள்ளைகளுக்கும் தொற்றும். என் வீட்டுக் குட்டிக்கு இருந்ததும் ஏறக்குறைய இப்படித்தான் தெரிந்தது. வெறுங்கண்ணால் முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மடிப்புகளில் பிசுபிசுப்பும் துர்நாற்றமும் தோல் கறுப்பும் சேர்ந்திருந்தால், நம் ஈரக் காற்றில் மிகுதியாகக் காணப்படும் ஈஸ்ட் காளான் காரணமாகலாம். பெரும்பாலும் அதற்கு அடியில் ஓர் ஒவ்வாமை ஒளிந்திருக்கும்.

இனி, செய்யக் கூடாதவை. வண்டியிலிருந்து இறக்கிய கறுப்பு எண்ணெயை நாயின்மேல் தடவும் வழக்கம் நம்மிடையே இன்னும் உள்ளது. தடவியவர் தோலில் மட்டும்தான் தடவுகிறார். ஆனால் நாய் அதை நக்கி விழுங்குகிறது. அது நஞ்சு. மண்ணெண்ணெயும் அப்படியே. மனிதருக்கான சொறி மருந்தை நாய்க்குப் பூசாதீர்கள். நாய்க்கான சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும். வீட்டில் இரண்டும் இருந்தால் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். ஐவர்மெக்டின் நல்ல மருந்துதான். ஆயினும் கோலி போன்ற சில மேய்ப்பு இன நாய்களுக்கு அது மூளையைத் தாக்கும். மாடுகளுக்கான ஊசி மருந்தைக் கண்ணளவில் பிரித்துப் போடுவது மிகவும் ஆபத்தானது. இப்போது கிடைக்கும் வாய்வழி மாத்திரைகள் சொறியுண்ணி, டெமோடெக்ஸ், தெள்ளு ஆகியவற்றின் மீதெல்லாம் நன்கு வேலை செய்கின்றன. எனினும் வலிப்பு வந்த வரலாறுள்ள நாய்க்கு அவை பொருந்தாமல் போகலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2018இல் எச்சரித்துள்ளது. அதனால் மருத்துவரிடம் நாயின் முன்கதையை முழுமையாகச் சொல்லுங்கள். வேப்பிலை நீர் போன்றவை சிறிது இதம் தரலாம். தோலுக்குள் வளை தோண்டியிருக்கும் உண்ணிக்கு அவற்றை நம்பி நாள்களை இழக்க வேண்டாம்.

பிள்ளைகளிடம் இரக்கத்தைப் பற்றிப் பேசும்போது எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முன்பின் அறியாத தெரு நாயை, அது எவ்வளவு பாவமாகத் தோன்றினாலும், தொடக் கூடாது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. 2017இல் சரவாக்கில் தொடங்கிய பரவல் பல உயிர்களைக் கொண்டுபோனது. நாய் கடித்தாலோ கீறினாலோ அடி விழும் என்று அஞ்சிப் பிள்ளைகள் மறைத்துவிடுவார்கள். உடனே சொன்னால் திட்டமாட்டோம் என்று வீட்டில் முன்கூட்டியே உறுதி கொடுங்கள். காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, மருந்தகத்திற்குச் செல்ல வேண்டும்.

வளர்ப்பவர்களுக்கும் ஒரு சொல். நாயைக் காலையில் அவிழ்த்துவிட்டு இரவில் சோறு வைப்பது வளர்ப்பு ஆகாது. உரிமம், தடுப்பூசி, கருத்தடை, வேலிக்குள் ஓர் இடம் ஆகியவை வேண்டும். பல இனத்தார் சேர்ந்து வாழும் குடியிருப்பில், அண்டை வீட்டார் நாயைத் தொட விரும்பாதவராக இருக்கலாம். அவர் வாயிலில் நம் நாய் படுக்காமல் பார்த்துக்கொள்வது நம் கடமை. விலங்குகளைக் கொடுமைப்படுத்துவோருக்கு 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை தண்டம் அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள், கல்லெறிவது விளையாட்டன்று.

ஆசிரிய நண்பர்களே, வகுப்பில் ஒரு பிள்ளை சொறிந்தால் அவனை எழுப்பி நிறுத்தி எல்லார் முன்னும் கேட்காதீர்கள். தனியே அழையுங்கள். வீட்டில் வேறு யாருக்கும் அரிக்கிறதா, வீட்டில் விலங்கு உண்டா என்று கேளுங்கள். மருத்துவரின் சொல் வரும்வரை அவன் இருக்கையை மாற்றாதீர்கள். புலனக் குழுவில் ஒரு பிள்ளையின் உடம்பைப் பற்றிச் செய்தி வந்தால், பொறுப்பில் உள்ளவர்கள் அந்த நிமிடமே அதை நிறுத்துங்கள். அந்தச் செய்திகளை அப்பிள்ளையின் வீட்டாரும் படிக்கிறார்கள். அன்று அப்பாட்டிக்குக் கைப்பேசியில் படிக்கத் தெரியாது. பேரன்தான் அவருக்குப் படித்துக் காட்டினான்.

பெற்றோர்களே, இன்று மாலை ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பிள்ளையையும் அருகில் வைத்துக்கொண்டு உங்கள் நாயின் காது விளிம்பு, விரல் இடுக்கு, அக்குள், வாலடி ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். முடி உதிர்வு, பொருக்கு, கறுப்புத் துகள், நாற்றம் ஏதேனும் தென்பட்டால் எப்போது தொடங்கியது, அரிக்கிறதா இல்லையா, வீட்டில் யாருக்கேனும் அரிக்கிறதா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவர் முதலில் கேட்கப்போகும் கேள்விகள் அவைதாம். பிள்ளைக்கு அதுவே நல்லதொரு கட்டுரைப் பயிற்சியாகவும் அமையும்.

அடுத்த பதிவில் வழக்கம்போல் இலக்கணத்திற்குத் திரும்புவேன். வலிமிகா இடங்கள் பற்றிச் சிலர் கேட்டிருக்கிறீர்கள், மறக்கவில்லை.